மேட்டுக்குப் போன பொட்டலங்கள்

அலையாத்திக் காட்டின் ஓரத்தில், ஒரு பாறைக் குகையில், ஈட்டியப்பர் என்ற முள்ளம்பன்றி இருந்தார். காட்டின் பொதுக் களஞ்சியத்துக்கு அவர்தான் பொறுப்பு. புயல் காலத்தில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று விலங்குகள் எல்லாம் தங்கள் தீனியில் ஒரு பங்கை அந்தக் குகையில் கொண்டுவந்து போடும். கிழங்கு, வேர்க்கடலை, காய்ந்த இலுப்பைப் பூ என்று ஈட்டியப்பர் அதை இனம் பிரிப்பார். வெயிலில் உலர்த்துவார். பூச்சி அண்டாமல் வேப்பிலை போட்டு அடுக்குவார். அதில் ஒரு கடலையைக்கூட அவர் தன் வாயில் போட்டதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

குகை இருந்தது, காட்டின் நடுவே ஓடிய உப்பங்கழியின் மேற்குக் கரையில். புயல் வந்தால் முதலில் பசிக்கப்போகிறவர்கள் இருந்தது கிழக்குக் கரையில். அங்கே ஒரு மணல் மேடு. அதில் மருக்கொழுந்து என்ற தாய் முயலும் அவள் கூட்டமுமாக இருபத்திரண்டு பேர். அவர்களில் பதினொரு பேர் பால் மறந்த குட்டிகள். வெள்ளம் வந்தால் மேடு தீவாகிவிடும், புல்லெல்லாம் உப்புத் தண்ணீரில் கருகிவிடும். அப்போது மேட்டில் பங்கு பிரித்துக் கொடுப்பது மருக்கொழுந்தின் வேலை. சரக்கைக் கழி தாண்டிக் கொண்டுபோவது சுழியன் என்ற நீர்நாயின் வேலை.

ஆண்டுதோறும் ஆவணியில் இதற்கு ஒரு ஒத்திகை நடக்கும். இந்த ஆண்டு ஈட்டியப்பர் அதைத் தடபுடலாக நடத்தினார். சிறப்பு விருந்தினராக மயிலை அழைத்தார். பூவரச இலையில் பொட்டலம் கட்டி, தாழை நாரால் இறுக்கி, நாற்பது பொட்டலங்களை வரிசையாக வைத்தார். உள்ளே இருந்தது மணல்.

"என்ன அண்ணே, மணலைக் கட்டுறீங்க?" என்றான் கட்ட உதவிய சுழியன்.

"நல்ல சரக்கு ஒத்திகையில நனைஞ்சு வீணாகிடும்ப்பா. எடை சரியா இருக்கா, அது போதும். பொட்டலம் அங்கேயே இருக்கட்டும். ஐப்பசி பிறக்குறதுக்குள்ள நல்லதைக் கொண்டுபோய் மாத்திடலாம்."

அன்றைக்குக் கழியில் இடுப்பளவுதான் தண்ணீர். சுழியன் நாற்பது பொட்டலத்தையும் வெயில் ஏறுவதற்குள் அக்கரை சேர்த்துவிட்டான். மயில் தோகையை விரித்து மடக்கி, இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை என்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ஈட்டியப்பருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாறைமேல் ஏறி நின்று, "மேட்டு மக்கள் இனி பயப்பட வேண்டாம். பத்து நாள் சாப்பாடு அவர்கள் வாசலுக்கே போய்விட்டது" என்று முழங்கினார்.

அக்கரையில் நின்ற மருக்கொழுந்து அதைக் கேட்டாள். குட்டிகளைக் கூப்பிட்டு, "இது புயலுக்கு உண்டானது. யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு குட்டிகூட அந்த நாரை முகர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஈட்டியப்பர் சொல்லவில்லை. மாற்றத்தானே போகிறோம், அதற்குள் எதற்கு அவர்கள் மனதைக் கெடுப்பது என்று நினைத்தார். மயில் சொன்ன வார்த்தை வேறு காதுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

புரட்டாசி முதல் வாரத்தில் சுழியன் வந்தான். "அண்ணே, மாத்திடலாமா?"

"இப்பவே நல்லதைக் குடுத்தா புயலுக்கு முன்னாடியே தின்னு தீர்த்துடுவாங்க. கொஞ்சம் பொறு" என்றார் ஈட்டியப்பர்.

மூன்றாம் வாரத்தில் மறுபடியும் வந்தான். அப்போது கிழங்குகள் வெயிலில் கிடந்தன. "இன்னும் ரெண்டு வெயில் காயட்டும். அரைகுறையா அனுப்பினா நம்ம களஞ்சியத்துக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

வெயில் அந்த இரண்டு நாளைத் தரவில்லை. புரட்டாசி முடியுமுன்பே, ஒரு காலையில் கடல் பக்கம் வானம் கன்றிப்போய்க் கிடந்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரமேறின. சிறிது நேரத்தில் காற்று ஊளையிட்டது. கழி பொங்கியது.

சுழியன் ஒரு பனங்கட்டையை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். தாழ்ந்த இடங்களில் இருந்தவர்களை அதில் ஏற்றி ஏற்றிக் குகைக்குக் கொண்டுவந்தான். நடுப்பகலுக்குள் குகை நிறைந்துவிட்டது. ஓணான், உடும்பு, கீரி, நனைந்த மயில், எல்லோரும் களஞ்சியத்தின் அடுக்குகளைப் பார்த்துப் பார்த்து ஈட்டியப்பரைப் புகழ்ந்தார்கள். அவர் மனம் மட்டும் அக்கரையில் இருந்தது. பொட்டலம் பிரித்தால் மணல். இது அவருக்குத் தெரியும், சுழியனுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் அண்டங்காக்கை ஒன்று காற்றில் அடிபட்டு வந்து குகை வாசலில் விழுந்தது.

"ஈட்டியப்பரே, மருக்கொழுந்து சொல்லி அனுப்பிச்சா. கட்டை இன்னும் ஒரு நடைதான் போக முடியுமாம், அதுக்கப்புறம் தண்ணி தாங்காது. பள்ளத்து எலிங்ககிட்ட ஒண்ணும் இல்ல, அவங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்றா. மேட்டுல பத்து நாளைக்குப் பொட்டலம் இருக்கு, நாங்க சமாளிச்சுக்குவோம்னு சொன்னா. சுழியன் கரையில நிக்கிறான். எந்தப் பக்கம் போகணும்னு நீங்க சொன்னாப் போதும்."

 ஈட்டியப்பர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் இருப்பது மணல், முயல்களை முதலில் கூட்டிவா. அவ்வளவுதான். எலிகள் மரமேறத் தெரிந்தவர்கள், எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள். முயல் எங்கே ஏறும்?

வாயைத் திறந்தார். மயில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீரியும் ஓணானும் பார்த்துக்கொண்டிருந்தன. "அட, என்ன மனசு பாருங்க அந்த முயலுக்கு" என்று உடும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எல்லாம் நம்ம ஐயா பண்ணின ஏற்பாடு. அந்தத் தைரியத்துலதான் அவ பேசுறா" என்றது மயில்.

"சரி," என்றார் ஈட்டியப்பர். "எலிகளையே கூட்டிவரச் சொல்லு."

காக்கை பறந்துபோயிற்று. எலிகள் வந்து சேர்ந்தன. கடைசியாக ஏறிவந்த சுழியன் கூட்டத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஈட்டியப்பரை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோனான்.

"அண்ணே, காக்கா வந்து எலியைக் கூட்டிட்டுப் போன்னு சொன்னதும் நீங்க வேற யாரையாவது வெச்சுப் பொட்டலத்தை மாத்திட்டீங்கன்னு நெனச்சுட்டேன். மாத்தினீங்களா?"

ஈட்டியப்பர் முட்களைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"அடப் பாவி" என்றான் சுழியன். 

மழை நான்கு நாள் பெய்தது. குகைக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. களஞ்சியம் காய்ந்து, மணத்துக்கொண்டு, அடுக்கு கலையாமல் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.  இரண்டாம் நாள் சுழியன் முதுகில் கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் பாய்ந்தான். பாதி கழிகூடப் போக முடியவில்லை. வேரோடு பிடுங்கப்பட்டு மிதந்துவந்த மரம் ஒன்று அவனை மோதித் திருப்பி அனுப்பியது. மூட்டை போயிற்று, ஒரு காலும் நொண்டியாயிற்று. அவன் வாசலில் படுத்துக்கொண்டு கிழக்கையே பார்த்துக் கிடந்தான். ஈட்டியப்பர் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் காலை தண்ணீர் வடிந்தது. ஈட்டியப்பர் தன்னால் தூக்க முடிந்த மட்டும் கிழங்கைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து கழியைத் தாண்டினார். சுழியன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

மேட்டில் சத்தமில்லை. உச்சியில் ஆறேழு முயல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குட்டி என்று ஒன்றுகூட அதில் இல்லை. ஈரமான பூவரச இலைகள் அங்கங்கே கடித்துக் குதறிக் கிடந்தன. இலைக்குள் இருந்தது மணல் என்றாலும், பிள்ளைகள் இலையையாவது தின்று பார்த்திருக்கிறார்கள்.

மருக்கொழுந்து அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, வந்துட்டீங்களா," என்றாள். குரல் காற்றாக வந்தது. "எங்களை மன்னிச்சுடுங்க. நீங்க அவ்வளவு சிரத்தையா அனுப்பி வெச்சீங்க. எனக்குத்தான் வெச்சுக் காப்பாத்தத் தெரியல. பிரிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் மணல் புகுந்திருக்கு, சாப்பாடு அத்தனையும் கரைஞ்சு போயிருக்கு. இன்னும் கொஞ்சம் உசரத்துல வெச்சிருந்தா பிள்ளைங்க பிழைச்சிருக்கும். என் கவனக்குறைவுதான் ஐயா. நானே என் பிள்ளைங்களைக் கொன்னுட்டேன்."

சுழியன் ஈட்டியப்பரின் முகத்தைப் பார்த்தான். இப்போதாவது சொல்லுவார் என்று நின்றான். முயல்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. அவர் சொன்னால் அந்தத் தாயின் தலையில் இருந்து பாதிப் பாரமாவது இறங்கும். அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஈட்டியப்பர் கிழங்கு மூட்டையைக் கீழே வைத்தார்.

"பரவாயில்லம்மா," என்றார். "அடுத்த தடவை பாத்து வெச்சுக்குங்க."

அடுத்தவர் பசிக்குப் பொறுப்பேற்றவர் தன் தவறைச் சொல்லக் கூசினால், அந்தக் கூச்சத்துக்கு உயிரைக் கொடுப்பது பசித்தவர்களின் பிள்ளைகள்தான்.