செல்லக்கனியும் சுவத்துக் கோடும்

சேலத்துல, சம்பளம் தர்ற ஒரு சைக்கிள் டீமுக்கு ஆள் எடுத்தாங்க. கோச் தனராஜ் சார் சுவத்துல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தாரு. சைக்கிள் ஓட்டத் தெரியுதோ இல்லையோ, தலை அந்தக் கோட்டத் தொட்டாகணுமாம்! அஞ்சடி செல்லக்கனிக்குக் கோடு ஒரு சாண் மேல இருந்துச்சு.

"பாப்பா, இது பொம்மைக் கடை இல்ல. வீட்டுக்குப் போ."

"தலையாலயா சார் பெடல் மிதிக்கப் போறோம்? ஒருதடவ ஓட்ட விட்டுப் பாருங்க."

சாருக்கு ஒரே சிரிப்பு. "நம்ம ஆறடி ஷெரின முந்திகிட்டு ஏற்காடு உச்சிக்கு வா. டீம்ல எடம் உனக்குத்தான்."

அடிவாரம் வரைக்கும் எதிர்க்காத்து. ஷெரின் காத்தோட மல்லுக்கட்டிகிட்டுப் போனா. செல்லக்கனி அவ முதுகுக்குப் பின்னாடியே ஒட்டிகிட்டு நோகாம வந்தா. மலை ஏறுனதும் ஷெரினுக்கு அவ உடம்பே சுமையாயிடுச்சு. நாப்பது கிலோ செல்லக்கனி விர்ருனு முந்திப் போயிட்டா.

உச்சியில சார் ஜீப்புலேருந்து குதிச்சாரு. "ஏய், நீ அவ பின்னாடி ஒளிஞ்சுதானே வந்தே!"

"ஆமா சார். உயரம் ரொம்ப முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க? அவ உயரம் எனக்கு ரொம்பவே உதவுச்சு."

சார் அவள டீம்ல சேக்குற தாள்ல கையெழுத்துப் போட்டாரு. மறுநாள் பாத்தா, அந்த ஒரு சுவத்துக்கு மட்டும் புதுசா வெள்ளையடிச்சிருந்துச்சு.