கால் டம்ளர் கணக்கு

தாளாளர் சிங்காரவடிவேலுவை எதிர்த்துப் பேசியவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. அறிவியல் கண்காட்சிக்கு வந்த பெற்றோர்கள் முன்னால், ஆய்வகத்து ஈயப் பெட்டியை அவர் தட்டிக் காட்டினார்.

"உள்ள இருக்குற கோபால்ட்டுக்கு அரை ஆயுள் ஏறக்குறைய அஞ்சு வருஷம். முதல் அஞ்சுல கதிர்வீச்சு பாதி போச்சு, அடுத்த அஞ்சுல மீதிப் பாதியும் போச்சு. வாங்கிப் பத்து வருஷமாச்சு. இனி இது வெறும் பெட்டி. காயலான் கடையில போட்டுருங்க."

"ஐயா, அதுல இன்னும் வீரியம் இருக்கு. வெளிய போனா ஆபத்து" என்றாள் தற்காலிக இயற்பியல் ஆசிரியை செண்பகவல்லி.

"அப்படியா? பெட்டியைத் திறக்காம, கருவி எதுவும் வைக்காம, எனக்குப் புரியுற மாதிரி நிரூபிம்மா. முடியலைன்னா பெட்டியோட நீயும் கிளம்பு."

செண்பகவல்லி ஆசிரியர் அறைக்குப் போய், அப்போதுதான் வந்திருந்த தன் டீ டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"ஐயா, சிக்கனம்னு போன வருஷம் எங்க டீயைப் பாதியாக்கினீங்க. இந்த வருஷம் மறுபடியும் பாதியாக்கினீங்க. உங்க கணக்குப்படி டம்ளர் காலியா இருக்கணும். பாருங்க, கால் டம்ளர் இருக்கு. இருக்குறதுலதானே பாதி குறையும்? கோபால்ட்டும் அப்படித்தான்."

பெற்றோர்கள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு டம்ளர் ததும்ப டீ வந்தது.

"கோபால்ட் இப்படித் திரும்ப நிறையாது" என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி ஒரு வாய் உறிஞ்சினாள்.