நானூறு வீட்டு அடுப்பு

அருணகிரி முகத்தை மறைத்துத்தான் படம் போட்டார். அதை யாரும் மறுக்க முடியாது. புறவழிச் சாலையில் லாரியில் மோதி நசுங்கிக் கிடந்த காரை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தார். உள்ளே அடையாளம் தெரியாமல் கிடந்தவரின் முகத்தின் மேல் ஒரு தாமரைப் பூவை ஒட்டினார். நம்பர் பிளேட்டையும் மறைத்தார். ‘வேகம் வேண்டாம் நண்பர்களே’ என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். குழுவில் நானூறு வீட்டுக்காரர்கள். கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்ததில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒரு மணி நேரத்தில் போலீஸ்காரர் போன் செய்தார். இறந்தவர் கீழத்தெரு தமிழ்வாணன் என்றும், வீட்டில் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் சாவுச் செய்தி கொண்டுபோக, கேதம் சொல்ல, அருணகிரியைத்தான் அனுப்புவார்கள். அப்படிப் பேர் எடுத்தவர்.

கீழத்தெருவில் முதலில் பக்கத்து வீட்டில் குரல் கொடுக்கப் போனவரைத் தமிழ்வாணனின் மகள் தன் வீட்டு வாசலிலேயே மறித்தாள். பத்து வயது. கையில் அம்மாவின் செல்போன்.

“தாத்தா, இது எங்க கார்தானே? பின்கண்ணாடியில என் பேரும் தம்பி பேரும் இருக்கு.”

ஸ்டிக்கரில் எழுதிய இரண்டு பெயர்களும் பளிச்சென்று தெரிந்தன. எல்லாக் காரிலும் இருப்பதுதானே என்று விட்டிருந்தார், பாவி மனிதர். உள்ளே அடுப்படியில் அவள் அம்மா விழுந்து கிடந்தாள். குழம்புச் சட்டி கவிழ்ந்து கை முழங்கை வரை வெந்திருந்தது.

சாயங்காலம் அருணகிரி மடத்துக்குப் போனார். அவருடைய குரு அபிராமவல்லி அவரைவிட இருபது வயது இளையவர். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“முகத்தை மறைச்சேன். நம்பரையும் மறைச்சேன். நாலு பேர் ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதானேம்மா போட்டேன். தப்பா?”

“கேதம் சொல்லப் போனா எப்படிப் போவீங்க?”

“பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போவேன்.”

“எதுக்கு?”

“மயங்கி விழுந்தா தாங்கிப் பிடிக்க ஆள் வேணும்ல.”

“அப்புறம்?”

“அடுப்பு எரிஞ்சா அணைக்கச் சொல்லுவேன். பிள்ளைங்களை வெளிய அனுப்பிடுவேன். உட்கார வெச்சு, ‘அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க’ன்னு பாதிதான் சொல்லுவேன். மீதியைப் போற வழியில…”

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்தும் அந்த மனிதருக்குப் புத்தி வந்தபாடில்லை.

“படத்தை அழிச்சுட்டேம்மா. இனிமே எப்படிப் போடணும்னு சொல்லுங்க. அதன்படி போடுறேன்.”

“நானூறு வீட்டு அடுப்பையும் அணைச்சுட்டு வந்து போடுங்க,” என்றார் குரு.