சோகை பிடித்த மஞ்சள்

சிவகாசியில் ஒரு குரு இருந்தார். தாடியை எதிர்பார்க்காதீர்கள். பெயர் நூருன்னிசா, முப்பது வயதைத் தொட்டவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மானிட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். உபதேசம் கேட்டுப் போனால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுப்பார்.

அவருக்கு ஒரே சீடர், காசிராஜன். தீப்பெட்டியாபீசில் காலமெல்லாம் உழைத்து, அதை இழுத்து மூடியதும் ஐம்பது வயதுக்கு மேல் தொழில் கற்க வந்தவர். சீடர் குருவை "மாஸ்டர்" என்பார், குரு சீடரை "அண்ணே" என்பார்.

ஊருக்கு இது வேடிக்கை. காசிராஜனின் அக்கா புருஷன் தனுஷ்கோடிக்கோ வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. அவர் சொந்தமாக பிரஸ் நடத்துகிறவர். கல்யாண வீடோ காதுகுத்தோ, பந்தியில் உட்கார்ந்ததும் நாலு பேர் காதில் விழும்படி கேட்பார்: "என்ன மாப்ள, பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்ன பாடம்?"

பந்தியே சிரிக்கும். காசிராஜன் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

ஒரு நாள் காலையில் அவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், என்னைத் தனியா எப்ப அனுப்புவீங்க?"

"யாராவது கூப்பிடும்போது."

வாய் மூடவில்லை, போன் அடித்தது. தனுஷ்கோடிதான். டிசைன் போடுகிற மானிட்டர் இருட்டடித்துப் போச்சாம். போன தடவை அடித்த பெட்டியெல்லாம் திரும்பி வந்து கிடக்காம், இந்தத் தடவை சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் பிளேட் போட்டாகணுமாம்.

நூருன்னிசா போனை வைத்துவிட்டு டூல்ஸ் பையை எடுத்து நீட்டினார்.

"கூப்பிட்டுட்டாங்க. போங்கண்ணே."

"அத்தான் பிரஸ்ஸுக்கா? மாஸ்டர், அங்க மட்டும் நீங்க வந்தா..."

"தனியா அனுப்பச் சொன்னது யாரு?"

காசிராஜன் பையை வாங்கிக்கொண்டார். பயம் பாதி, சந்தோஷம் பாதி. சைக்கிளை மிதித்த மிதியில் வழியில் வணக்கம் போட்டவர்களைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஜெயித்தால் இனி பந்தியில் நிமிர்ந்து சாப்பிடலாம். தோற்றால் அத்தான் வாய்க்கு ஆயுசுக்கும் தீனி.

பிரஸ்ஸில் எல்லோரும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி நின்றார்கள். காரணம் இருந்தது. மஞ்சள் தூள் கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி அடித்துக் கொடுத்திருந்தார்கள். அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. படத்தில் இருக்கிற மஞ்சள் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, பழைய சரக்கு என்று ஜனங்கள் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தனுஷ்கோடி மெஷின்மேன் கருத்தப்பாண்டியை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஸ்கிரீனில் தகதகவென்று இருக்கிற மஞ்சள் தாளில் வெளுத்துப்போனால் வேறு யாரைத் திட்டுவது? இன்றைக்கு மறுபடி அதே பெட்டி. இதுவும் சொதப்பினால் பார்ட்டி கைவிட்டுப் போய்விடும்.

"வாங்க மாணவரே," என்றார் தனுஷ்கோடி. "வாத்தியாரம்மா வரலையா?"

காசிராஜன் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். பட்டனில் சின்ன விளக்கு எரிந்தது, திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. அறை விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சை எடுத்து, கண்ணாடிமேல் சாய்வாக அடித்தார்.

"சேர்மராஜ், இங்க வா. குனிஞ்சு பாரு."

டிசைனர் சேர்மராஜ் குனிந்து பார்த்தான். கறுப்புக்குள்ளே மங்கலாக ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு கிண்ணம்.

"அண்ணாச்சி, நம்ம படம் தெரியுது."

"படம் உயிரோடதான் இருக்கு. பின்னால இருக்கிற லைட்தான் போச்சு," என்றார் காசிராஜன். கண்டுபிடித்துவிட்டோம், நாமே கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசு குதித்தது.

மானிட்டரைக் கவிழ்த்துக் கழற்றினார். உள்ளே கண்ணாடித் தாள்போல அடுக்கடுக்காக இருக்கும், மூச்சுப் பட்டாலும் தூசி ஒட்டும். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய லைட் பட்டைகளை உருவிவிட்டு, பையில் கொண்டுவந்த புதுசை வைத்தார். திரும்பப் பூட்டி, சாமியைக் கும்பிட்டு, பட்டனை அமுக்கினார்.

பளீரென்று எரிந்தது.

காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் பரீட்சை பாஸானபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"ஐயையோ," என்றான் சேர்மராஜ். "அண்ணாச்சி, கலர் போச்சு."

திரையில் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் மஞ்சள் தூளைக் காணோம், கடலை மாவு மாதிரி என்னவோ வெளிறிக் கிடந்தது.

தனுஷ்கோடி எட்டிப் பார்த்தார். "நல்ல மஞ்சளைக் கடலை மாவாக்கிட்டியே மாப்ள. பஜ்ஜியா போடப் போறோம்?"

பைண்டிங் பக்கமிருந்து ஆட்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். காசிராஜனுக்குக் காது சுட்டது. என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. மானிட்டரின் மெனுவைத் திறந்தார். நீலத்தைக் குறைத்தார், சிவப்பை ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி," என்றான் சேர்மராஜ். "இன்னும். இன்னும். நில்லுங்க, இதான். இதேதான்."

மஞ்சள் தகதகத்தது. சேர்மராஜ் கைதட்டினான். வாசலில் நின்றவர்களும் தட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தனுஷ்கோடி தட்டினார். "பரவாயில்லையே, நம்ம மாப்ள தேறிட்டாரு," என்று சொல்லிப் பால்கோவா வாங்கிவர ஆளனுப்பினார். காசிராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவருக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

போனை எடுத்தார். "மாஸ்டர், முடிச்சிட்டேன். கலர் கொஞ்சம் மாறிப்போச்சு, அதையும் மெனுவுல சரி பண்ணிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க மாஸ்டர்."

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது.

"இருங்கண்ணே, வர்றேன்."

பாராட்ட வருகிறார் என்றே காசிராஜன் நினைத்தார். மாஸ்டருக்கென்று ஒரு பொட்டலம் பால்கோவாவை எடுத்து வைத்தார்.

நூருன்னிசா வந்தார். திரையை அருகில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"லைட் அழகா மாத்தியிருக்கீங்க. ஒரு தூசி இல்ல."

காசிராஜன் அத்தானைப் பெருமையாகப் பார்த்தார்.

"ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க."

பிரஸ்ஸில் தாளுக்கா பஞ்சம்? சேர்மராஜ் ஒன்றை உருவிக் கொடுத்தான். திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் தாளைப் பிடித்தார் நூருன்னிசா.

"எதுண்ணே வெள்ளை?"

"தாள்தான், மாஸ்டர்."

"அப்ப இது?"

திரை, பழைய பேப்பர் கடையில் கட்டிவைத்த பேப்பர் மாதிரி பழுப்பேறி இருந்தது.

"ஏம்மா, வெள்ளையை இங்க யாரு கேட்டா?" என்றார் தனுஷ்கோடி. "எங்களுக்கு மஞ்சள் மஞ்சளாத் தெரிஞ்சாப் போதும்."

"திரும்பி வந்த பெட்டி ஒண்ணு கிடைக்குமா அண்ணாச்சி?"

"அதை எதுக்கு இப்பக் கிளறணும்?" தனுஷ்கோடி முணுமுணுத்துக்கொண்டே போய் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதே டிசைனைத் திரையில் எடுக்கச் சொன்ன நூருன்னிசா, பெட்டியைக் காசிராஜன் கையில் கொடுத்தார். "பக்கத்துல பிடிங்க."

திரையில் இருந்தது பொன்மஞ்சள். பெட்டியில் இருந்தது சோகை.

"பாத்தியாம்மா?" என்றார் தனுஷ்கோடி. "நாங்க கொடுத்தது தங்கம். இந்தக் கருத்தப்பாண்டி ஓட்டிக் கொடுத்தது தவிடு."

வாசலில் கைநிறைய மையோடு நின்ற கருத்தப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே," என்றார் நூருன்னிசா. "மெனுவுல நீங்க வச்ச கலரை எடுத்துடுங்க."

காசிராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாஸ்டர், இப்பத்தான் எல்லாரும்..."

"எடுங்க."

அவர் அத்தானைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். பால்கோவாவின் பிசுபிசுப்பு இன்னும் விரலில் இருந்தது. பட்டனை அமுக்கினால் இந்தப் பெயர் போய்விடும், மறுபடி பந்தி, மறுபடி சிரிப்பு. விரல் பட்டன்மேல் நின்றது.

அமுக்கினார்.

திரை வெளிறியது. காசிராஜனின் இடது கையில் பெட்டி அப்படியே இருந்தது. திரையில் இருந்த கடலை மாவும் பெட்டியில் இருந்த கடலை மாவும் ஒன்றேதான், இம்மி பிசகவில்லை.

கருத்தப்பாண்டி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நீங்க கொடுத்ததைத்தான் முதலாளி நான் ஓட்டியிருக்கேன்," என்றார்.

சேர்மராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நாந்தான் முதலாளி. அந்தப் பழைய லைட் எரிஞ்சு எரிஞ்சு மஞ்சளடிச்சிருக்கு. தினம் பாத்துக்கிட்டே இருந்த எனக்குத் தெரியல. படத்துல மஞ்சள் தூக்கலா இருக்குன்னு நெனச்சு நான் குறைச்சுக்கிட்டே வந்திருக்கேன்."

தனுஷ்கோடி பெட்டியை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருத்தப்பாண்டி முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"பாண்டி, சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"இன்னும் இல்ல முதலாளி."

"போய் முதல்ல சாப்பிட்டு வா. நீ வந்து பக்கத்துல உக்காந்து பாத்துச் சொன்ன பிறகுதான் பிளேட்டு."

அப்புறம் பிரஸ்ஸே பரபரத்தது. மஞ்சள் தூள் பாக்கெட் ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டி மானிட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டான் சேர்மராஜ். அதைப் பார்த்துப் பார்த்துப் படத்தில் மஞ்சளை ஏற்ற ஆரம்பித்தான். பைண்டிங் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தனுஷ்கோடி ஒருவரையும் விரட்டவில்லை.

நூருன்னிசா வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். காசிராஜன் பின்னாலேயே வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், நான் லைட் மாத்தினது சரிதானே?"

"ரொம்பச் சரி."

"அப்புறம் எந்த இடத்துல மாஸ்டர் கெட்டுச்சு?"

நூருன்னிசா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவங்க சிரிச்சப்ப மானிட்டர் சரியாத்தான் இருந்துச்சுண்ணே. கைதட்டினப்பதான் கெட்டுப்போச்சு."