கழுவாத பிரஷ்

குரு ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யை பிரம்மசக்திக்கு ஐம்பத்திரண்டு. தெருவுக்கு இது ஒன்று போதாதா? "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல மேக்கப் படிக்கப் போறாளாம்" என்று வாய் ஓயாமல் பேசினார்கள். பேரன் பேத்தி எடுக்க அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தியாவது யோசித்தாளா? அதுதான் இல்லை.

ஒரே மகள் சுபிதா. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணப்பெண்ணை அலங்கரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "தலை வலிக்கும்மா. பிரஷ்ஷெல்லாம் நாளைக்குக் கழுவிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். டெங்கு. வெள்ளிக்கிழமை அவள் இல்லை.

மூன்று மாதம் கழித்து, மகளின் பிரஷ் பையைத் தூக்கிக்கொண்டு பிரம்மசக்தி ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எனக்கு இந்தத் தொழிலச் சொல்லிக் குடுங்க மேடம்."

ஜெசிந்தா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "மொதல்ல கழுவப் படிங்கக்கா" என்றாள்.

அவ்வளவுதான். பூசுகிற பேச்சே கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பேபி ஷாம்பு, உள்ளங்கையில் வட்டமாகச் சுற்றுவது, அலசுவது. முதல் நாள் பிரம்மசக்தி கழுவிய பிரஷ்களை, கரண்டியைக் கழுவி வைக்கிற மாதிரி டம்ளரில் நட்டமாக நிறுத்திவிட்டாள். நாலு நாளில் ஒவ்வொன்றும் முடி கொட்டியது. அவள் பதறிப் போனாள்.

"நான் நல்லாத்தான கழுவுனேன் மேடம்?"

"நல்லாத்தான் கழுவுனீங்க. நிறுத்தி வச்சீங்கள்லா, தண்ணி உள்ள எறங்கி பசைய இளக்கிருச்சு. துண்ட மடிச்சு மேசை ஓரத்துல போட்டு, முடி கீழ பாக்கத் தொங்கணும்."

அப்புறம் அவள் தவறவில்லை. கழுவப் படித்தாள், பூசவும் படித்தாள். எட்டு மாதம் ஓடியது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, "எனக்கு நீங்கதான் அத்த போட்டுவிடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாளைக்குக் கல்யாணம்.

ஜெசிந்தாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிஷ்யையை முதல் மணப்பெண்ணிடம் அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில், பையில் இருக்கிற பிரஷ் ஒவ்வொன்றையும் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்ப்பாள். கறை விழுந்தால் அந்தச் சிஷ்யை போக முடியாது. அழுதாலும் நடக்காது, காலைப் பிடித்தாலும் நடக்காது.

பதினொரு பிரஷ் தேய்த்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா பாக்கி இருந்தது. பிரம்மசக்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அது என்னக்கா?"

"இத விட்டுருங்க மேடம். இதுக்குப் பதிலா புதுசு வச்சிருக்கேன். இத எந்தப் பொண்ணு மேலயும் வைக்க மாட்டேன், சத்தியமா."

"பின்ன எதுக்குப் பையில இருக்கு?"

பிரம்மசக்தி டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கன்னத்துக்குப் போடுத பிரஷ். சுபிதா கடைசியா அந்த ஞாயித்துக்கிழம எடுத்தது. அவ எடுத்த ரோஸ் பவுடர் இன்னும் நுனியில இருக்கு. மத்ததெல்லாம் கழுவிட்டேன். இது மட்டும் முடியல." அவள் குருவின் முகத்தைப் பார்த்தாள். "இதக் கழுவாமலே வச்சிக்கிட ஒரு வழி சொல்லுங்க மேடம்."

ஜெசிந்தா டப்பாவை வாங்கித் திறந்தாள். பிரஷ்ஷைக் கைக்குட்டைக்கு மேல் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். பொலபொலவென்று பத்திருபது முடி உதிர்ந்தது. பாதியில் கடித்துப் போட்ட மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது.

"ஆட்டு முடிக்கா. அழுக்கோட வச்சா பூச்சி விடாது."

"ஐயோ, இறுக்கி மூடித்தான வச்சிருந்தேன்!"

"பூச்சி உள்ளதான இருந்திருக்கு."

பிரம்மசக்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவி மகள் போனதற்குப் பிறகு இனிமேல் போக என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாளே, இருந்திருக்கிறது. "கழுவுனா இதும் போயிரும். கழுவலன்னா பூச்சி தின்னுரும். நான் என்னதான் மேடம் செய்ய?"

ஜெசிந்தா ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்து உக்காருங்க."

"எனக்கு எதுக்கு மேடம்?"

"வேற யாரு மூஞ்சியிலயும் இத வைக்கக் கூடாதுல்லா. கண்ண மூடுங்க."

ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஈரம் காயும்வரை பொறுத்திருந்து பிரஷ்ஷை எடுத்தாள். கன்ன மேட்டிலிருந்து காதைப் பார்த்து மெல்ல இழுத்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடியும் இந்தக் கன்னம். பிரஷ்ஷில் இருந்த கொஞ்சநஞ்ச ரோஸ் நிறமும் இறங்கி, முடி வெளுக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"இப்பக் கழுவுங்கக்கா."

பிரம்மசக்தி எழுந்து போய்க் கழுவினாள். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு. படித்தது மறக்கவில்லை. தண்ணீரில் நிறம் ஏதாவது இறங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் இறங்கவில்லை. வெறும் தண்ணீர்தான் ஓடியது. முடியை விரலால் கூட்டிப் பிடித்து, துண்டின் ஓரத்தில் தொங்கவிட்டாள்.

திரும்பும்போது சுவர்க் கண்ணாடியில் முகம் தெரிந்தது. பதினொரு மாதமாகக் கண்ணாடியை ஏறெடுத்துப் பார்க்காதவள். கறுத்து, ஒட்டி, எலும்பு துருத்திய முகம். அதில் இரண்டு கன்னத்திலும் லேசாக ஒரு சிவப்பு. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்காக சுபிதா தேர்ந்தெடுத்த சிவப்பு. தொட்டுப் பார்க்க விரலைத் தூக்கினாள். தொட்டால் அழிந்துவிடும் என்று கையைக் கீழே போட்டாள்.

"மூஞ்சி கழுவாம இருந்தா இது எத்தன நாள் நிக்கும் மேடம்?"

ஜெசிந்தா கைக்குட்டையிலிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அழாம இருந்தா, சாயங்காலம் வரைக்கும் நிக்கும்க்கா."