பிரகாசி அடுக்கிய நண்டுகள்

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் வைகுந்தநாதன் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அவர் புதிய நண்டினம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சின்ன நண்டுக்கு ஒல்லிக் கொடுக்கு, பெரிய நண்டுக்கு உடம்புக்கு மீறிய கொடுக்கு. அதனால் இரண்டும் வேறு வேறு இனமாம். பெரியதற்குத் தன் பெயரையே வைக்கப்போகிறார். நாலு மணிக்கு நிருபர்கள் வருகிறார்கள்.

நண்டு கழுவும் பிரகாசியிடம் இரண்டு தட்டுகளைத் தள்ளினார்.

"இந்த முன்னூறு ஆண் நண்டையும் இனம் பிரிச்சு வை. நடுவாந்தரமா இருக்கிறதை வெளியே போட்டுடு, குழப்பும்."

நாலு மணிக்குத் தட்டுகள் காலியாகவே இருந்தன. மேசை நெடுக, சின்னதிலிருந்து பெரியது வரை, நண்டுகள் ஒரே வரிசையாகக் கிடந்தன.

"என்னம்மா இது?"

"எந்த இடத்துல பிரிக்கணும்னு காட்டுங்கய்யா, பிரிச்சிடுதேன்."

டாக்டர் விரலை நீட்டியபடி நடந்தார். வரிசை முடிந்தது, விரல் எங்கும் இறங்கவில்லை. உடம்பு வளர வளர, கொடுக்கு அதைவிட வேகமாக வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நிருபர் சிரித்தேவிட்டார்.

"உனக்கு யார் இதைச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"நடுவுல உள்ளதைப் பாக்காட்டி ஒண்ணு ரெண்டாத்தான்யா தெரியும். நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறப்ப என் மகளுக்கு மூணு வயசு. உடம்புக்கு மீறின தலை. பன்னெண்டு வருசம் கழிச்சு ஏர்போர்ட்டுல அந்தத் தலையைத்தான் தேடினேன். எதிர்ல ஒரு நெட்டைப் பொண்ணு மறைச்சுக்கிட்டு நின்னா. 'கொஞ்சம் விலகும்மா, என் மக வாரா'ன்னேன்."