மதிலைத் தாண்டிய தண்ணீர்

வெள்ளியம்பதியை ஆண்ட கோதண்டவர்மருக்குத் தலைப்பாகை என்றால் உயிர். காலையில் ஒரு நிறம் கட்டுவார், மாலையில் வேறு நிறம். அத்தனை நிறத்தையும் முக்கிக் கொடுத்தவர் நவரங்கர். ஊருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிப் பெரிய சாயப்பட்டறை வைத்திருந்தார். ராஜாவிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு மந்திரிக்குக்கூட இல்லை.

பட்டறைக் கழிவெல்லாம் பளிங்காற்றில்தான் விழும். ராஜா நீலம் கேட்டால் ஆறு நீலமாக ஓடும். சிவப்பு கேட்டால் சிவப்பாக ஓடும். ஆற்றில் இறங்கிய வாத்துகள் பச்சைப் பசேலென்று கரையேறின. ஒரு பலே ஆசாமி அவற்றைக் கிளி என்று சொல்லி வெளியூர்க்காரர்கள் தலையில் கட்டினான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் மீன்கள் செத்து மிதந்தன. கிணற்று நீர் கசந்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. சிரிப்பு நின்று போயிற்று.

அரசவையில் மருதி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். ராஜாவின் முகம் வாடினால் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைப்பது அவள் உத்தியோகம். வீடு ஆற்றங்கரைத் தெருவில். அவளுடைய குட்டித் தம்பி சொறிந்து சொறிந்து தூங்காமல் அழுவதைப் பார்த்துவிட்டு, அரசவைக்கு வந்து வேடிக்கை பேச அவளால் முடியவில்லை. தன் வயதுப் பிள்ளைகளைத் திரட்டினாள். செத்த மீனை அள்ளிப் புதைத்தார்கள். வீடு வீடாகப் போய், அந்தத் தண்ணீரைப் புழங்காதீர்கள் என்று சொன்னார்கள். கடைசியில் கூட்டமாக அரண்மனைக்கே வந்து முறையிட்டார்கள்.

ராஜா நவரங்கரை அழைத்துக் கேட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பட்டறை மதிலுக்குள் இருக்கும் வரைதான் அது என் தண்ணீர், மகாராஜா. மதிலைத் தாண்டிவிட்டால் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆற்றில் என் பெயரை எழுதிக்கொண்டா ஓடுகிறது?"

அன்று ராஜாவின் தலையில் புத்தம் புதிய மயில்கழுத்து நிறத் தலைப்பாகை. நவரங்கர் சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது. மதிலைத் தாண்டிய தண்ணீருக்கும் நவரங்கருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று அங்கேயே ஆணை போட்டுவிட்டார். பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். மருதி மட்டும் அந்த ஆணையை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தாள். தெருமுனை வந்ததும் நின்றாள்.

"மண்வெட்டி யார் யார் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பட்டறையின் கழிவு வாய்க்கால் அடைபட்டது. மதிலுக்கு வெளியே, சரியாக ஒரு முழம் தள்ளி, களிமண்ணும் பனந்துண்டும் போட்டுப் பிள்ளைகள் அணை கட்டிவிட்டார்கள். வெளியே போக வழியில்லாத சாயத் தண்ணீர் பட்டறைக்குள்ளேயே ஏறியது. பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடிய நவரங்கர் வழுக்கி விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். விழுந்த ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சாயத்தொட்டி.

அவர் அரசவைக்கு வந்து நின்றபோது முகம் பச்சை, தாடி சிவப்பு, காது இரண்டும் மஞ்சள். சேனாபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். மந்திரி மேல்கூரையைப் பார்த்தார். நவரங்கர் மூச்சு விடாமல் முறையிட்டார்: தம் பட்டறையை மூழ்கடித்த அத்தனை பேரையும் நாடு கடத்த வேண்டும். ராஜாவுக்கும் கோபம். பிள்ளைகளைப் பிடித்து வரச் சொன்னார். காவலர்கள் கிளம்புவதற்குள் மருதி முன்னால் வந்தாள்.

"அந்த அணைக்கு மண் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி, மகாராஜா. தண்டனை என்றால் எனக்கும் சேர்த்துத்தான். அதற்கு முன் இவரிடம் ஒன்று கேட்கலாமா?"

ராஜா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தலையசைத்தார்.

"அணையை எங்கே கட்டினோம், ஐயா?"

"மதிலுக்கு வெளியே."

"எதை மறித்தோம்?"

"என் தண்ணீரை!" என்று கத்தினார் நவரங்கர்.

மருதி ராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"மதிலுக்கு வெளியே இருப்பதும் தம் தண்ணீர்தான் என்கிறார். அப்படியானால் ஆற்றைப் பாழாக்கியவர் இவரே."

நவரங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை இல்லை, வெளியே இருப்பது தம்முடையதே அல்ல என்று கையை உதறினார். உதறிய வேகத்தில் மந்திரியின் வேட்டியில் நாலு நிறம் தெறித்தது.

"சம்பந்தம் இல்லாத தண்ணீரை மறித்ததற்கு இவர் ஏன் முறையிடுகிறார், மகாராஜா? உள்ளே நிற்பது அவர் சொத்து. அதில் ஒரு சொட்டைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. பத்திரமாக அவரிடமே விட்டிருக்கிறோம்."

முதலில் சிரித்தவர் சேனாபதி. பிறகு ராஜாவே சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. தம் ஆணையைத் தாமே கிழித்துப் போட்டார். நவரங்கர் குழி வெட்டி, மணலும் கரியும் கோரைப்புல்லும் போட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்துத்தான் ஆற்றில் விட வேண்டும். அதுவரை பட்டறை நிற்கும், அணையும் நிற்கும். தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்க்கும் பொறுப்பு இனி ஆற்றங்கரைப் பிள்ளைகளுடையது.

"எவ்வளவு தெளிய வேண்டும்? இவர்கள் நாளைக்கு ஒன்று சொல்வார்கள், நாளன்றைக்கு ஒன்று சொல்வார்கள்," என்று நவரங்கர் முனகினார்.

"தினமும் அந்தக் குழித் தண்ணீரில் முகத்தைக் கழுவுங்கள், ஐயா. என்றைக்கு உங்கள் முகம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறதோ, அன்றைக்கே அணையை எடுத்துவிடுகிறோம்," என்றாள் மருதி.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

நவரங்கர் குழி வெட்டினார். பிள்ளைகளும் மண்வெட்டியோடு போய் உதவினார்கள். பச்சை முகம் இளம்பச்சை ஆனது, பிறகு வெளுத்த வெள்ளரிக்காய் நிறம். ராஜா கொஞ்ச நாள் வெள்ளைத் தலைப்பாகையிலேயே காலம் தள்ளினார். மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில், நவரங்கர் துள்ளிக் குதித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடி வந்தார். சொந்த முகம், நரைத்த தாடி.

வாசற்காவலன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"யாரய்யா நீர்?"